மருத்துவக் கல்லூரிக்கு ரெஃபரன்ஸ் லெட்டர்: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் ஆனால் நாலைந்து பிள்ளைகள் லேப்டாப்போடு வந்து உட்காருவார்கள். வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் நிரப்ப உதவுவது என் சாயங்கால வேலை. மதிப்பெண், நுழைவுத் தேர்வு, பணம் என்று எல்லாவற்றுக்கும் ஓடுகிற வீடுகள், ரெஃபரன்ஸ் லெட்டர், அதாவது பிள்ளையைத் தெரிந்த ஒருவர் அவரைப் பற்றிக் கல்லூரிக்கு எழுதும் கடிதம் என்றதும் மட்டும் "அதுக்கென்ன, கவுன்சிலர் நமக்குத் தெரிஞ்சவர்தானே" என்று சாய்ந்து உட்கார்ந்துவிடும். அதிகம் பேர் தடுக்கி விழுவது அங்கேதான். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. உங்களுக்கு இது தேவையா என்று பாருங்கள்

நீட் எழுதி, கவுன்சிலிங் வழியாக இங்கேயே சேருகிறவர்களுக்கு ரெஃபரன்ஸ் லெட்டர் தேவையில்லை. ஸ்டான்லி ஆனாலும் கீழ்ப்பாக்கம் ஆனாலும் ரேங்க்தான் பேசும். டி.சி.யில் நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று இருந்தால் போதும். இந்த வகையில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு படிக்கப் போகலாம்.

பிரிட்டனுக்கு யூகாஸ் (அங்கே கல்லூரி விண்ணப்பங்களை வாங்கும் பொது அமைப்பு) வழியாக விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு ரெஃபரன்ஸ்தான். அமெரிக்காவில் டாக்டர் படிப்பு பட்டப்படிப்புக்குப் பிறகு வருவது. அங்கே பெரும்பாலான கல்லூரிகளுக்குப் பொதுவான அம்காஸ் விண்ணப்பத்தில் பத்து கடிதங்கள் வரை சேர்க்கலாம். எத்தனை வேண்டும், யார் யார் எழுத வேண்டும் என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகச் சொல்லும்.

இதை முதல் படியாக வைக்கக் காரணம் இருக்கிறது. ஒரு பையன் ஐந்து கடிதத்தை லேமினேஷன் செய்து எடுத்துக்கொண்டு வந்தான். அவன் போட இருந்தது யூகாஸ். லேமினேஷன் காசுகூட வீண்.

போகிற போக்கில் இன்னொன்று. வெளிநாட்டில் படித்துவிட்டு இந்தியாவில் டாக்டராக வேலை பார்க்க வேண்டுமானால் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். 2021-இல் வந்த விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், படித்த இடத்திலேயே 12 மாதம் இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும். எவ்வளவு நல்ல ரெஃபரன்ஸும் இதற்கு ஈடாகாது. அதனால் இதைச் சரிபார்த்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

2. நன்னடத்தைச் சான்றிதழ் வேறு, இது வேறு

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கடிதம் ஒன்று உண்டு. "இவரை எனக்குக் கடந்த ஐந்து ஆண்டுகளாகத் தெரியும். எனக்குத் தெரிந்தவரை இவர் நல்ல நடத்தை உடையவர். இவர் வாழ்வில் எல்லா வளமும் பெற வாழ்த்துகிறேன்." பச்சை மையில் கையெழுத்து, கீழே ரப்பர் ஸ்டாம்ப். வேலைக்குச் சேர, வாடகைக்கு வீடு பிடிக்க இது உதவலாம். உங்கள் மேல் புகார் எதுவும் இல்லை என்பதைத் தவிர இதில் வேறு செய்தி இல்லை.

மருத்துவக் கல்லூரிக்காரர்கள் தேடுவது வேறு. தப்பு செய்தால் ஒத்துக்கொள்வானா, களைத்துப்போன நேரத்தில் எப்படிப் பேசுவாள், தன் குறை தனக்குத் தெரியுமா, நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்ய வருமா என்று பார்க்கிறார்கள். பிரிட்டனில் மருத்துவக் கல்லூரிகளின் கூட்டமைப்பு வெளியிட்டிருக்கும் பட்டியலிலும் நேர்மை, பிறர் நிலையை உணர்தல், மனத்திடம், கூட்டு வேலை, பொறுப்பேற்றல் போன்றவைதான் இருக்கின்றன. 'நேர்மையானவர்' என்று யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். அதை எங்கே, எப்போது பார்த்தீர்கள் என்பதுதான் அவர்கள் கேள்வி.

நான் பார்த்த நல்ல கடிதங்களில் ஒன்றைச் சொல்கிறேன். வியாசர்பாடியில் மாலை வகுப்பு நடத்தும் ஒருவர், அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பெண்ணைப் பற்றி எழுதியது. அந்தப் பெண் ஒருநாள் பின்னக் கணக்கைத் தப்பாகப் போட்டுக் காட்டிவிட்டாள். பிள்ளைகள் யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் வந்ததும் பழைய கணக்கை அப்படியே போர்டில் எழுதி, "நேத்து நான் சொன்னது தப்பு, நோட்டுல அடிச்சிட்டு இதை எழுதுங்க" என்றாளாம். அன்று வராத இரண்டு பிள்ளைகளின் நோட்டையும் அடுத்த வாரம் கேட்டு வாங்கித் திருத்தினாளாம். அந்தக் கடிதத்தில் நேர்மை என்ற சொல்லே கிடையாது.

எழுதியவரின் லெட்டர்பேடில் பதவி என்று எதுவும் இல்லை, மாலை வகுப்பின் பெயர் மட்டும்தான். ஆனால் அந்தப் போர்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் அவர். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒரு விஷயம்தான் எனக்குக் கணக்கு.

3. பெயரை எழுதாதீர்கள், சம்பவத்தை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம், கடந்த இரண்டு மூன்று வருடத்தில் நீங்கள் பொறுப்பெடுத்துச் செய்தவை, சொதப்பிச் சரிசெய்தவை, கஷ்டத்தில் விடாமல் இருந்தவை. வலது பக்கம், அதை நேரில் பார்த்த பெரியவர் யார். இடது பக்கத்தை முழுதாக முடித்த பிறகுதான் வலது பக்கத்தைத் தொட வேண்டும்.

பெயரில் ஆரம்பித்தால் கை தானாகப் பெரிய பெயர்களைத்தான் எழுதும். அப்புறம் அந்தப் பெயருக்கு ஏற்ற சம்பவத்தைத் தேடி, கிடைக்காமல், "எங்க குடும்பத்துக்கு நல்லாத் தெரிஞ்சவர்" என்று வந்து நிற்கும்.

எண்ணூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் என்னிடம் வந்தபோது அவன் தாளில் இரண்டு டாக்டர்களின் பெயர் இருந்தது. இடது பக்கம் காலி. பேச்சுக் கொடுத்ததில் மெல்ல வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்து முகத்துவாரப் பக்கம் கருப்பாகிக் கிடந்ததே, அப்போது தெருவில் போட்ட மருத்துவ முகாமில் ஒன்பது நாள் இருந்திருக்கிறான். யார் யாருக்குச் சர்க்கரை மாத்திரை, யாருக்குப் பிரஷர் மாத்திரை தண்ணீரில் போய்விட்டது என்று வீடு வீடாகக் கேட்டு நோட்டில் எழுதி முகாம் நர்ஸ் அக்காவிடம் கொடுத்தவன் அவன்தான். "ஏன்டா இதைச் சொல்லலை?" என்றால், "அங்க டாக்டர் யாரும் என்னைப் பார்க்கலையே" என்றான். டாக்டர் பார்க்காவிட்டால் என்ன, நர்ஸ் அக்கா ஒன்பது நாளும் பார்த்தாரே.

வீட்டு வேலை, கடை வேலை எல்லாம் இதில் சேரும். பள்ளி முடிந்து மெடிக்கல் ஷாப்பில் நின்றது, காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் கணக்கு எழுதிவிட்டுப் பள்ளிக்குப் போனது, காலையில் ஃபுட்பால் பயிற்சிக்குப் போய்ச் சின்னப் பையன்களைப் பார்த்துக்கொண்டது. இவற்றைச் சொல்ல வெட்கப்படுகிற பிள்ளைகள்தான் அதிகம். சொல்ல நிறைய இருப்பதும் அவர்களிடம்தான்.

4. கழித்துக்கட்ட வேண்டியவர்கள்

வலது பக்கத்தில் கீழ்க்கண்டவர்கள் இருந்தால் அடித்துவிடுங்கள்.

சொந்தக்காரர்கள். சித்தப்பா பேராசிரியராக இருந்தாலும் சரி, மாமா லண்டனில் டாக்டராக இருந்தாலும் சரி. குடும்பத்தார், நண்பர், காதலர், முன்னாள் காதலர் யாரும் எழுதக் கூடாது என்று யூகாஸ் வெளிப்படையாகவே சொல்கிறது. "வேற இனிஷியல்தானே, எப்படித் தெரியும்" என்று ஒரு அப்பா கேட்டார். நேர்மையைச் சொல்ல வேண்டிய கடிதத்தையே பொய்யில் தொடங்கலாமா என்று திருப்பிக் கேட்டேன். அவருக்குக் கோபம்தான், ஆனால் பேரை அடித்துவிட்டார்.

கவுன்சிலர், எம்.எல்.ஏ., கட்சிக்காரர். உங்களுக்குச் சாலை போட்டுக் கொடுத்திருப்பார், நல்ல மனிதராகவும் இருப்பார். உங்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? நீங்கள் அப்பாவின் பிள்ளை என்பது தெரியும், அவ்வளவுதான்.

ஒரே ஒருநாள் பார்த்த பெரிய டாக்டர். இதில் நானே விழுந்திருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு பெண்ணுக்காக அலைந்து திரிந்து, பெயர் பெற்ற டாக்டர் ஒருவரிடம் கடிதம் வாங்கினோம். அவருடைய உதவியாளர் ஏற்கனவே கம்ப்யூட்டரில் இருந்ததில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். கடிதம் முழுக்க 'ஹீ', 'ஹிஸ்' என்றே இருந்தது. தமிழில் என்றால் 'அவர்' என்று போட்டு இரண்டு பேருக்கும் ஓட்டிவிடலாம். ஆங்கிலம் காட்டிக்கொடுத்துவிட்டது. அதைத் திருத்தி வாங்க இன்னொரு பத்து நாள்.

பாதிரியார், இமாம், கோயில் தர்மகர்த்தா இவர்களை முழுதாகக் கழிக்க வேண்டாம். ராயபுரத்தில் பாரிஷ் வழியாக வாராவாரம் முதியோர் இல்லத்துக்குப் போன பையனுக்கு ஃபாதர் சரியான ஆள். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு அல்ல.

கன்சல்டன்சி ஏற்பாடு செய்து தரும் 'ரெடிமேட்' கடிதம் பற்றி ஒரே வரி: வேண்டாம்.

5. மிச்சம் இருப்பவர்களில் யார்

யூகாஸ் என்றால் பள்ளியில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். உங்களைக் குறைந்தது ஒரு வருடமாவது வகுப்பில் பார்த்த ஆசிரியர், இல்லையென்றால் ஆசிரியர்களைக் கேட்டு எழுதும் தலைமையாசிரியர். அந்தப் படிவத்தில் மூன்று பகுதி இருக்கிறது. முதலில் பள்ளியைப் பற்றிய பொதுவான விவரம். இரண்டாவது, மாணவரின் படிப்பைப் பாதித்த சூழ்நிலை ஏதும் உண்டா. மூன்றாவது, இந்த மாணவரைப் பற்றி அந்தப் படிப்புக்குப் பொருத்தமான மற்ற செய்திகள். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4000 எழுத்துகள்தான்.

இரண்டாம் பகுதியை நம் பிள்ளைகள் வீணாக்குகிறார்கள். வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்று புத்தகம் போனது, அம்மா மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தது, இதெல்லாம் குறை இல்லை. அதை எழுதத்தான் அந்த இடமே இருக்கிறது. ஆசிரியருக்குத் தெரியாவிட்டால் அவர் எப்படி எழுதுவார்? நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் பகுதியில் ஆசிரியர், முகாம் நர்ஸோ கோச்சோ சொன்னதை எடுத்து எழுதலாம். எனவே மற்ற நல்ல ஆட்களை விட்டுவிட வேண்டாம். அவர்களிடம் ஒரு பத்தி எழுதி வாங்கி ஆசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். கடிதம் ஒன்றுதான், அதற்குள் நாலு பேருடைய கண் இருக்கலாம்.

அமெரிக்காவுக்கு நிலைமை வேறு. பல கல்லூரிகள் அறிவியல் பேராசிரியர் இருவர், வேறு துறையில் ஒருவர் என்று கேட்கும். நீங்கள் பட்டம் படிக்கும் கல்லூரியில் இதற்கென்று குழு இருந்தால், அது சேர்ந்து எழுதும் குழுக் கடிதத்தையே எதிர்பார்க்கும் இடங்களும் உண்டு. அதை நிரப்பிய பிறகுதான் ஊர்க்காரர்களுக்கு இடம். பத்து இடம் இருக்கிறதே என்று பத்தையும் நிரப்ப வேண்டாம். ஒரே செய்தியை மூன்று பேர் சொன்னால் மூன்றாவதை யாரும் படிக்க மாட்டார்கள். தாளின் இடது பக்கத்தைப் பாருங்கள், வேறு வேறு சம்பவத்தைப் பார்த்த ஆட்களாக எடுங்கள்.

இரண்டு பேர் சமமாக இருந்தால் எனக்கு ஒரு வழி உண்டு. உங்களைத் திட்டியிருக்கிறவரைத் தேர்ந்தெடுங்கள். திட்டும் அளவுக்குக் கவனித்திருக்கிறார் என்று அர்த்தம்.

6. எப்போது கேட்பது

யூகாஸில் மருத்துவத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 15, லண்டன் நேரம் மாலை 6 மணி. நமக்கு அது இரவு 10.30. மற்ற பல படிப்புகளுக்கு ஜனவரி வரை நேரம் இருப்பதால், அந்தத் தேதியை மனதில் வைத்துக்கொண்டு ஏமாறுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. பொதுவாக ரெஃபரன்ஸ் உள்ளே வந்த பிறகுதான் விண்ணப்பத்தை அனுப்ப முடியும். ஆக ஆசிரியருடைய தாமதமும் உங்கள் தாமதம்தான்.

இப்போது நம் பள்ளி நாட்காட்டியைப் பாருங்கள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. ஆசிரியர் மேசையில் விடைத்தாள் கட்டு. அடுத்து ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறை. எனவே ஜூலையில் கேளுங்கள், ஆகஸ்ட் கடைசியில் வாங்கிவிடுங்கள். செப்டம்பரைத் தொடவே கூடாது.

அம்காஸ் விண்ணப்பம் மே மாதம் திறக்கும். கடிதம் வராவிட்டாலும் விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் வேலை அங்கே நடக்கும் என்பதால் பதற வேண்டாம். ஆனால் கல்லூரிகள் பெரும்பாலும் கடிதம் வந்த பிறகே கோப்பை எடுக்கும். ஜனவரி, பிப்ரவரியில் பேசி வைப்பது நல்லது.

7. எப்படிக் கேட்பது

நேரில் போங்கள். வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள், முக்கியமாக அப்பாவை அனுப்பாதீர்கள். அப்பா போய்க் கேட்டால் மறுக்க முடியாமல் ஒத்துக்கொள்வார்கள். மறுக்க முடியாமல் எழுதும் கடிதம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கேள்வியை இப்படிக் கேட்கச் சொல்வேன்: "சார், மெடிசினுக்கு அப்ளை பண்றேன். என்னைப் பத்தி விவரமா எழுதுற அளவுக்கு உங்களுக்கு என்னைத் தெரியும்னு நினைக்கிறீங்களா? நேரம் இல்லைன்னா பரவாயில்லை சார், நான் வேற மிஸ்ஸைக் கேட்டுக்கிறேன்." கடைசி வரி முக்கியம். அவருக்கு வெளியே போக ஒரு கதவைத் திறந்து வைக்கிறீர்கள். அந்தக் கதவு வழியாகப் போகிறவர் போகட்டும். "பார்க்கலாம்பா", "அப்புறம் வா" என்று இழுத்தாலும் அதை இல்லை என்றே எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் போங்கள். இழுத்தவரிடம் இருந்து நல்ல கடிதம் வந்து நான் பார்த்ததில்லை.

8. "நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்"

பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. அவர்களுக்கு வேலை அதிகம், ஆங்கிலத்தில் எழுதக் கூச்சம், இவ்வளவு காலம் எல்லாக் கடிதமும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

எழுதிக் கொடுக்காதீர்கள். முதல் காரணம், அது பொய்க் கடிதம். இரண்டாவது, பதினேழு வயதுப் பிள்ளை தன்னைப் பற்றி எழுதினால் 'கடின உழைப்பாளி', 'தலைமைப் பண்பு மிக்கவர்' என்றுதான் வரும். தான் தப்பாகப் போட்ட பின்னக் கணக்கைப் பற்றி யாரும் தானே எழுத மாட்டார்கள். மூன்றாவது, விண்ணப்பத்தில் நீங்கள் எழுதும் கட்டுரையும் இந்தக் கடிதமும் ஒரே கையில் எழுதியது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

அதற்குப் பதிலாக, "சார், நீங்க தமிழ்ல சொல்லுங்க, இல்லைன்னா வாய்ஸ் மெசேஜ் போடுங்க. இங்கிலீஷ் மிஸ் எழுதித் தருவாங்க, நீங்க படிச்சுப் பார்த்து அனுப்பலாம்" என்று சொல்லச் சொல்வேன். மொழிபெயர்ப்பவர் நீங்களோ வீட்டாரோ இல்லாமல் இருக்க வேண்டும். ஆங்கிலமாக்கியதை எழுதியவருக்குத் தமிழில் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு ஃபுட்பால் கோச் பத்து நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அதில் ஆறு நிமிடம் அவருடைய பழைய மேட்ச் கதை. மிச்ச நான்கு நிமிடத்தில் இருந்தது எந்தப் பேராசிரியரும் எழுத முடியாதது. அடிபட்ட எதிர் அணிப் பையனை ஸ்டான்லி அவசரப் பிரிவுக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய், அவன் அம்மா வரும்வரை உட்கார்ந்திருந்தது யார் என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது. அன்றைக்கு மேட்ச் தோற்றதையும் மறக்காமல் சொன்னார்.

9. கையில் கொடுக்க வேண்டிய ஒரு பக்கம்

ஒத்துக்கொண்டவரிடம் அன்றைக்கே ஒரு பக்கத் தாளைக் கொடுங்கள். ஒரு பக்கம்தான், ஃபைல் இல்லை. அதில் இருக்க வேண்டியது: எந்தப் படிப்பு, எந்தெந்தக் கல்லூரி, கடைசி நாள், எங்கே எப்படி அனுப்ப வேண்டும். அதன் கீழே, அவர் பார்த்த இரண்டு மூன்று சம்பவங்களை நினைவூட்டும் வரிகள். "2024 அறிவியல் கண்காட்சியில் மின்சாரம் போனபோது" என்கிற அளவுக்குப் போதும். என்ன எழுத வேண்டும் என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

கடைசி நாளாக உண்மையான தேதிக்கு மூன்று வாரம் முந்திய தேதியை எழுதுங்கள். இதில் எனக்கு உறுத்தல் இல்லை.

மின்னஞ்சல் முகவரியை அவர் எதிரிலேயே எழுதி, எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பள்ளி அல்லது நிறுவன முகவரி இருந்தால் அதைக் கொடுக்கச் சொல்லுங்கள், சொந்த ஜிமெயிலைவிட அதற்கு மதிப்பு. யூகாஸில் இருந்து வரும் மெயில் ஸ்பாமில் விழுந்து, ஆசிரியரும் பார்க்காமல், மாணவரும் கேட்காமல் மூன்று வாரம் கிடந்த கதை உண்டு. அம்காஸ் என்றால் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் அடையாள எண் வரும். அதை எழுதுகிறவரிடம் கொடுக்காவிட்டால் கடிதம் உங்கள் கோப்பில் சேராது.

10. அனுப்பிய பிறகு

கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். அமெரிக்க விண்ணப்பங்களில், கடிதத்தைப் பின்னால் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்பதுண்டு. விட்டுக்கொடுங்கள். மாணவன் பார்க்கப்போகிறான் என்று தெரிந்தால் எழுதுகிறவர் மனதில் உள்ளதை எழுதமாட்டார் என்பது படிக்கிறவர்களுக்கும் தெரியும். உங்களுக்குப் பயமாக இருந்தால் ஆளைத் தேர்ந்தெடுத்ததில்தான் ஏதோ சரியில்லை, ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெதுவாக நினைவூட்டலாம். "எழுதிட்டீங்களா" என்பதைவிட, "சார், லிங்க் வந்துச்சான்னு பார்த்தீங்களா" என்று கேட்பது எல்லோருக்கும் மரியாதை. நீங்கள் எழுதிக் கொடுத்த தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போதும் அசைவில்லை என்றால், இரண்டாவது ஆளைத் தயார் செய்யுங்கள். அதற்காகத்தான் அந்த மூன்று வாரம்.

முடிவு எதுவானாலும் எழுதியவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். கிடைத்தவர்கள் ஸ்வீட் பாக்ஸோடு போய்விடுகிறார்கள், கிடைக்காதவர்கள் தெருவை மாற்றி நடக்கிறார்கள். கிடைக்காதவர்கள்தான் முதலில் போக வேண்டும். அடுத்த ஜூலையில் மறுபடி அதே வாசலில் நிற்கப்போவது அவர்கள்தான்.